புரட்டாசி சனிக்கிழமை, கரும்பொருளோடு மலையேறியது

புரட்டாசி சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெருமாளைத் தவிர வேறு ஜோலியாகப் போக நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 1994இல் நான் போனேன். ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். இதுவும் போனால் மாமனாரின் பஞ்சுக் கடையில் உட்கார வேண்டியதுதான்.

பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரப் பயணம். பத்து மணித் தேர்வுக்கு எட்டுக்கே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். "ஏறுங்க சார், உள்ள எம்புட்டு இடம் கெடக்கு!" என்றார் கண்டக்டர். எங்கே கிடந்தது? தேவதானம், தளவாய்புரம் என்று சுற்றுவட்டாரமே திருவண்ணாமலைக்குக் கிளம்பியிருந்தது. (சிவன் ஊரை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பெருமாள் இருக்கும் நம்மூர் மலையைச் சொல்கிறேன்.) பஸ் ஊர்ந்து, நின்று, பத்தேகாலுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

கல்லூரியில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "முதல்வரம்மாவும் கமிட்டிக்காரவியளும் மலைக்குப் போயிருக்காவ. செத்த நேரம் உக்காருங்க, சாமி பாத்த பொறவு வந்துருவாவ."

தேதி குறித்தவர்களே அவர்கள்தானே! காலண்டரைப் பார்க்க மாட்டார்களா? வந்த ஆத்திரத்தில் மலைக்கே நடந்தேன். பாதிப் படியில், வரிசை நடுவே, கையில் துளசியோடு முதல்வரம்மா. விண்ணப்பம் கொடுத்த அன்றே பார்த்துப் பேசியவர்.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, இங்கேயே சொல்லுங்க. கரும்பொருள், அதான் கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர், ஏன் நட்சத்திரமாத் திரளுறதில்ல?"

விலாவில் ஒரு முழங்கை இடிக்க, கத்தியே சொன்னேன். "இந்தக் கூட்டத்தைப் பாருங்க மேடம். இடிச்சு, களைச்சு, வேகம் கொறஞ்சு சன்னதி வாசல்ல அடையுது. வாயுவும் அப்படித்தான், மோதிச் சூட்டை இழந்து நடுவுல எறங்கி நட்சத்திரமாகுது. கரும்பொருளையும் ஈர்ப்பு இழுக்கும். ஆனா அது யாரையும் இடிக்காது. வேகம் கொறையாம சன்னதியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிரும், தூரத்துல தயங்கித் திரும்பி விழும். அதான் நட்சத்திர மண்டலத்தைச் சுத்திப் பெரிய உருண்டையாப் பரவியே கெடக்கு."

"பாத்ததுண்டா?"

"இல்ல மேடம். ஓரத்து நட்சத்திரங்க ஓடுற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியுற எடை மட்டும்னா அதுங்க எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். தெரியாத எடை ஏதோ இழுத்துப் புடிச்சிருக்கு."

முன்னால் நின்றவர் திரும்பினார். "இடிக்காதா? சார், அதை நமக்குப் பின்னால நிக்க வைங்க!"

அம்மா சிரித்தார். அதற்குள் வரிசை நகர்ந்து சன்னதி வாசலுக்கே வந்திருந்தோம். ஒரு தள்ளு. அவர் சன்னதிக்குள், நான் வெளியே போகும் வழியில். "வேலை?" என்று அலறினேன். தலைகளுக்கு மேல் குரல் மட்டும் வந்தது: "திங்கக்கெழமை வந்து சேருங்க!"

போகிறவர்களுக்கு: விடியுமுன் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல செருப்பைப் போடாதீர்கள். என்னுடையது போனது போனதுதான்.

வெறுங்காலோடு வீடு வந்து, வேலை கிடைத்ததைச் சொன்னேன். மனைவி கேட்டாள்: "பெருமாளைப் பாத்தியளா?"

"எங்க பாக்க விட்டாங்க?"

"வேலை குடுத்தவரைப் பாக்காமயா வந்திய? அடுத்த சனிக்கெழமை போவோம்."

போனோம். போன வாரத்தைவிடக் கூட்டம்.