மல்லிகா அக்கா டேட்டா போடுவதில்லை

மாலை நேரம். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வடைக்காகக் காத்திருக்கிறேன். வடை போடும் மல்லிகா அக்காவின் ஒரு கண் எண்ணெயில், மறு கண் இடது கையிலுள்ள போனில். கடல் தாண்டியுள்ள சரவாக்கில் அவர் மகள் நானூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடப் போகிறாள். நேரலையாகக் காட்டுகிறார்கள்.

“நான் டேட்டாவே போடுறது இல்லண்ணே. இந்த ரோட்டுல எல்லாக் கடை வைஃபையும் என் போனுக்குத் தெரியும்,” என்கிறார் அக்கா. குரலில் கொஞ்சமும் கூச்சமில்லை.

ஓட்டக்காரிகள் கோட்டில் குனிகிறார்கள். படம் அப்படியே நின்றுவிடுகிறது. வைஃபை வந்துகொண்டிருந்த பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கரண்ட் போய்விட்டது.

“என் டேட்டாவைத் தரேன்க்கா,” என்று போனை எடுக்கிறேன்.

“வேணாம்லா, எதிர்ல முடிவெட்டுற கடை இருக்கு!”

அடுப்பை அணைத்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடுகிறார். நானும் பின்னாலேயே ஓடுகிறேன். கடை வாசலை மிதித்ததும் படம் அசைகிறது. கடைசி வளைவு. மகள் நான்காவதாக வருகிறாள்.

“விடாதம்மா! ஓடு!”

முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறார். முடிவெட்டுபவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். மகள் ஒருத்தியை முந்துகிறாள், கோட்டருகே இன்னொருத்தியையும்.

“செகண்ட்! நம்ம பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைலா!” என்று முடிவெட்டுபவர் கத்துகிறார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி அடுத்த கடைக்குள் நுழைகிறார். அங்கேயும் கைதட்டல் கேட்கிறது.