இடக் கன்னத்துக் கோடு

1998 ஒக்டோபர் 7: பிரின்டர், 21,500 ரூபாய்.
1998 நவம்பர் 2: ஆதம்பாவா படம், மூன்று கொப்பி, 90 ரூபாய்.
1998 டிசம்பர் 21: அதே படம், ஒரு கொப்பி, காசு வாங்கவில்லை.

கல்முனைக்குடியில் இருபத்தேழு வருடம் ஸ்டூடியோ நடத்திய கச்சிமுகம்மது, இருட்டறைச் சாமான்களை விற்றுத்தான் பிரின்டர் வாங்கினார். கலர்ப் படங்கள் பழுதில்லாமல் வந்தன. கறுப்பு வெள்ளை எடுத்தால் மட்டும் முகத்தின் குறுக்கே மயிரிழை மயிரிழையாக வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

நவம்பரில் சரீபா வந்தபோதும் அப்படித்தான். அவள் புருஷன் ஆதம்பாவா, மீன்பிடிக்கப் போன வள்ளத்தோடு ஏப்ரலில் காணாமல் போனவர். தூரத்துத் தீவொன்றின் ஆஸ்பத்திரியில், கடலில் மீட்கப்பட்ட ஒருவர் பேச்சில்லாமல் கிடப்பதாகவும், படம் அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும் அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அவளிடம் படமே இல்லை. கல்யாணத்துக்கு முந்தி அடையாள அட்டைக்கென்று கச்சிமுகம்மது எடுத்த தாடியில்லாத சின்னப் படம் ஒன்றுதான் கடை அல்பத்தில் இருந்தது.

பெரிதாக்கி எடுத்தார். கோடுகள் விழுந்தன. தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று, பழைய பழக்கத்தில் மெல்லிய தூரிகையால் மை தொட்டு ஒவ்வொரு கோடாக மூடினார். கைவேலையில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

டிசம்பர் பதினெட்டாம் திகதி சரீபா பதில் கடிதத்தோடு ஓடி வந்தாள். அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, அவர்தானாம். படத்துல இரிக்கிற மாதிரியே இடது கன்னத்துல தழும்பு இரிக்காம். பாஸ்போட் அலுவலுக்கு இன்னொரு கொப்பி கேக்காங்க."

கச்சிமுகம்மது கடிதத்தை வாங்கவில்லை. "தழும்பா?"

"எனக்கும் தெரியாது காக்கா. நான் கல்யாணம் முடிச்ச நேரமே தாடி வச்சிருந்தார்தானே, அதுக்குள்ள மறஞ்சிருந்திருக்கும். பெருநாளைக்கு அவர் உடுக்கச் சாரனும் எடுத்து வச்சிட்டன்."

அவள் போனதும் மூலப் படத்தைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். கன்னம் சுத்தமாக இருந்தது. கடைக்கென்று எடுத்து வைத்திருந்த கொப்பியில், இடக் கன்னத்தில், அவர் தூரிகை கொஞ்சம் அழுத்தி ஓடிய கரிய கோடு.

கோடில்லாத ஒரு கொப்பிக்காக மூன்று நாள் பிரின்டரோடு மல்லுக்கட்டினார். மைப் பெட்டியை மாற்றினார், தாளை மாற்றினார், மை பீச்சும் தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். சுத்தம் செய்ததும் ஒன்றிரண்டு நல்ல படம் வரும். தொழுதுவிட்டு வந்தால் மறுபடி கோடு. நேரம் போட்டு எழுதிய குறிப்பைப் பார்த்தார்: ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் முதல் படம் பழுது.

மனைவி றாஹிலா எட்டிப் பார்த்தாள். "பாங்கு சொன்ன உடன செவுத்துச் சுவிட்ச டக்கெண்டு அடிச்சிட்டுப் போறீங்க. நீங்க பள்ளிக்குப் போறீங்க, அந்த ஏழ மிசின மட்டும் வீட்டுக்குப் போக விடுறீங்களில்லையே."

மூடியைத் தூக்கினார். மை பீச்சும் தலை தண்டவாளத்தின் நடுவில் அம்மணமாக நின்றது. பிரின்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால் அது வலது மூலைக்குப் போய் ஈரத் திண்டில் வாய் பொத்தி உட்காரும். அவரோ கரண்ட் நெருப்புக்குப் பயந்து ஒவ்வொரு பாங்குக்கும் நடுவழியில் நிறுத்தி, கடற்காற்றில் அதன் சீக்கிரம் காயும் கறுப்பு மைத் துளைகளைக் காயவிட்டிருக்கிறார். வேலை தொடங்கிய நாளிலிருந்து அவர் பெருமையாகச் செய்து வந்த காரியம் அது.

சுத்தம் செய்து, பொத்தானில் நிறுத்தி, ஊறவிட்டு எடுத்தார். ஒரு கோடும் இல்லை. ஆதம்பாவா பளிச்சென்று பார்த்தார்.

படத்தைக் கொண்டு சரீபாவின் வாசலுக்குப் போனார். "தங்கச்சி, அந்தத் தழும்பு நான் கீறினது. இதான் சரியான முகம்."

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப அங்க கிடக்கிறது ஆரு காக்கா?"

"தெரியாது."

"இத அனுப்பாம விட்டா அவங்க அனுப்பி வைப்பாங்கதானே?"

"ஓம். ஆரையாவது அனுப்புவாங்க."

அவள் உள்ளே போய், விலாசம் எழுதிய கடிதவுறையைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

பெருநாள் வந்து போனது. பதிலை வாசிக்கச் சொல்லி அவரிடமே கொண்டு வந்தாள். புதிய படம் நோயாளியின் முகத்தோடு ஒத்துவரவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் வேறொரு நாட்டிலிருந்து வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இன்னொருக்கா வாசிங்க என்றாள். வாசித்தார். கடிதம் வந்த திகதி 1999 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை.