கைநாட்டுதான் பத்திரம் என்று நினைத்தேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குக் கையெழுத்து என்றால் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவதுதான். வடக்குப்பட்டில் ஒருவன் தன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து எழுதி, தபால் ஆபீஸ் பணத்தை எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் என் தூக்கம் போய்விட்டது. தையல் மிஷின் வாங்க நான் சேர்த்த பணமும் தபால் ஆபீசில்தான் இருந்தது. என் கணவரின் அண்ணனுக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் கைமாற்று கேட்பார், கொடுத்தது திரும்பாது.

படப்பை போஸ்ட் மாஸ்டரிடம் போய், "இனிமே கைநாட்டு வெச்சுக்கிறேன் சார். ரேகையை எவனும் பாத்து எழுத முடியாதில்ல?" என்றேன்.

"எழுதத் தெரிஞ்சிக்கினு கைநாட்டு கேக்கற மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்தபடி மாற்றிக் கொடுத்தார்.

பணம் எடுக்கப் போன அன்றுதான் விஷயம் புரிந்தது. கைநாட்டு வைத்தால், ஆபீசுக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தொகையை உரக்கப் படித்துவிட்டு, "பரவால்லியே, இவ்ளோ சேத்துக்கீறியா!" என்றார். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பயத்தில் நான் வீட்டுக்கே போகவில்லை. நேராகக் கடைக்குப் போய் மிஷினை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் கணவரின் அண்ணன் காத்திருந்தார்.

"இன்னாம்மா, பணம் எடுத்தியாமே? எனக்கு ஒரு அவசரம்..."

"அதோ, வண்டியில கீது பாருங்க மாமா."

அவர் மிஷினைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, இந்தக் கிழிசலையாவது தெச்சிக் குடு" என்று சட்டையைக் கழற்றினார்.