வாரேன் என்று சொல்லிப் போனவர்

புதுக்கோட்டைக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி கயல்விழி ஒருநாள் காலையில் போன் செய்தாள். வழக்கமாக எடுத்தவுடன் சாப்பாட்டில் ஆரம்பிப்பவள் அன்று, “அப்பத்தா, நம்ம மேரி டீச்சர்…” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டதை வாசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்ததே அந்த டீச்சர்தான்.

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் சகாயமேரி டீச்சரிடம் தமிழ் படித்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த டீச்சரைத்தான் என்னால் எழுத முடியும்.

கயல் ஏழாவது படித்தபோது அவள் வாசிப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமை. கடகடவென்று மூச்சு விடாமல் வாசிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போயிருந்தபோது டீச்சரிடம் அதைச் சொல்லிக்கொண்டேன். டீச்சர் மறுக்கவில்லை. கயலைக் கூப்பிட்டு ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். முடித்ததும் புத்தகத்தை வாங்கி மூடினார்கள். “இப்ப வாசிச்சதுல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்.” கயல் முதல் வரியை அப்படியே ஒப்பித்தாள். “அது புத்தகம் சொன்னது. நீ சொல்லு” என்றார்கள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். “கண்ணு ஓடுதுக்கா, மனசு பஸ் ஸ்டாண்டுலயே நிக்குது” என்று டீச்சர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அரையாண்டுப் பரீட்சையில் டீச்சர் தாமே ஒரு சின்னக் கதை எழுதிக் கேள்வி கேட்டிருந்தார்கள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று “வாரேன்” என்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. கதை அவ்வளவுதான். அப்பா என்ன செய்கிறார், அம்மா ஏன் வெளியே வரவில்லை என்பது கேள்வி. கயல் எழுதியது இது: “அப்பா ஊருக்கு வருகிறார். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருப்பதால் வெளியே வரவில்லை.”

வகுப்பே சிரித்ததாம். கிளம்புகிறவர்தான் வாரேன் என்பார் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாதா? மார்க்கும் குறைந்துபோனது. துபாயில் வேலை பார்க்கும் என் மகன் முருகேசன் போனில் சத்தம் போட்டான். “தமிழ்லயே இப்படின்னா மத்ததெல்லாம் எப்படி? முழுப் பரீட்சை முடிஞ்சதும் டவுன்ல ஹாஸ்டல் உள்ள ஸ்கூலா பாத்துச் சேத்துருவோம்.” அவன் வெளிநாடு போன பிறகு என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளை அவள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்கள். “தப்புன்னு கோடு போட்டுட்டேன்க்கா. பஸ்ஸுல போகும்போது பேப்பரை எடுத்துத் திரும்பப் பாத்தேன். இந்தப் பிள்ளை நான் எழுதுன கதையைப் படிக்கல. அவுக அப்பா வர்றதைப் படிச்சிருக்கு.”

அடுப்படியில் நின்றிருந்த என் மருமகள் திரும்பவே இல்லை. முருகேசன் விமானம் ஏறப் புறப்பட்ட அன்றும் அவள் அப்படித்தான் நின்றாள். அவனும் வாசலில் நின்று வாரேன் என்றுதான் சொன்னான். போனில் பேசும்போதெல்லாம் இந்தா வாரேன், அடுத்த லீவுக்கு வாரேன் என்பான். பிள்ளை அந்தச் சொல்லை வேறு எப்படி வாசிப்பாள்?

டீச்சரே என் போனில் முருகேசனிடம் பேசினார்கள். “தம்பி, எங்க சேக்கிறதுங்கிறது உங்க இஷ்டம். முழுப் பரீட்சை வரைக்கும் பொறுங்க. இவளுக்குப் படிச்சாப் புரியாம இல்ல. புரிஞ்சா வலிக்கும்னு வேகமா ஓடிர்றா.” அவன் சரி என்றான். அரை மனதாகத்தான்.

அன்றிலிருந்து சாயங்காலம் பள்ளிக்கூட வராண்டாவில் திருப்புதல் நடந்தது. தடுமாறுகிற பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். கைடு கொண்டுவந்த ஒருத்தியிடம், “அது என்ன ஒன் மாமியாரா, சொல்றதையெல்லாம் அப்படியே கேக்குறதுக்கு?” என்று கேட்டார்களாம். எந்தப் பாடமானாலும் கேள்வி மூன்றுதான். யார் சொல்றா, யார்கிட்ட சொல்றா, எதைச் சொல்லாம விட்டா.

வீட்டில் எனக்கும் வேலை கொடுத்தார்கள். கயலின் பாடத்தை நான் வாசிக்க வேண்டும், அவள் கேட்க வேண்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கயல் டீச்சரிடமே புகார் சொன்னாள். “அப்பத்தா ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருது டீச்சர்.” டீச்சர் விடவில்லை. “நீ பஸ்ஸுல போற, அவுக நடந்து போறாக. வழியில எந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?” கொஞ்ச நாளில் கயலே, “அப்பத்தா நிறுத்து, இந்த ஆளு பொய் சொல்றான்” என்று கதைக்குள் குறுக்கே விழ ஆரம்பித்தாள்.

முழுப் பரீட்சைக்குச் சற்று முன்பு டீச்சர் அந்தப் பழைய கதையையே திரும்பக் கொடுத்தார்கள். கயல் இந்த முறை எழுதினாள்: “அப்பா போகிறார். போகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மா வெளியே வந்தால் அழுதுவிடுவார். அழுதால் அப்பாவால் போக முடியாது. அதனால்தான் வரவில்லை.”

அன்று ராத்திரி அதை அவள் அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். மெதுவாகத்தான் வாசித்தாள். முருகேசன், “சாப்பிட்டியாடா?” என்று கேட்டான். குரல் அவன் குரலாக இல்லை.

மறுநாள் டீச்சர் கேட்டார்களாம்: “அப்பா என்ன சொன்னாரு?”

“சாப்பிட்டியான்னு கேட்டாரு டீச்சர்.”

“எதைச் சொல்லாம விட்டாரு?”

கயல் யோசித்துவிட்டு, “ஹாஸ்டலை” என்றாளாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. இன்று அவள் கல்லூரியில் தமிழ்தான் படிக்கிறாள். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான்.

அடக்கத்தன்று டீச்சர் வீட்டுக்குக் கயலும் நானும் போயிருந்தோம். பெட்டிக்குள் டீச்சர் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தக் குறும்பு கொஞ்சம் மிச்சம் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டே, “வாரேன்க்கா” என்பார்கள். எனக்கும் கிளம்பும்போது “வாரேன் டீச்சர்” என்று வாய்வரை வந்துவிட்டது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுகிற வழக்கம் நமக்கு இல்லையே. வாயை மூடிக்கொண்டு கயலின் கையைப் பிடித்தேன். படி இறங்கினோம்.

அவர்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று கேள்விகளைத்தான். பேப்பர் படித்தாலும் மகன் போனில் பேசினாலும் அவை கூடவே வருகின்றன. அன்று அந்த வாசலில் நான் சொல்லாமல் விட்டதை டீச்சர் சரியாக வாசித்திருப்பார்கள்.