மிதித்தால் எரியும் விளக்கு

என் அண்ணி எதையும் தூக்கிப் போட மாட்டார். செத்துப்போன சார்ஜர், ஒரு காது மட்டும் பாடும் ஹெட்போன், எதற்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாத ஒயர்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் கிடந்தன. அக்கா வரும்போதெல்லாம் அதைக் காலால் தள்ளி, "பழைய சாமான் கடையே வச்சிடலாம் போல" என்பாள்.

அண்ணி தையல்காரர். கீழே கடை, மாடியில் வீடு. பக்கவாதம் வந்த பிறகு அண்ணனின் குரல் கட்டிலைத் தாண்டவில்லை. கைகள் இரண்டும் மக்கர் செய்தன. இடது கால் மட்டும்தான் அவன் பேச்சைக் கேட்டது. ஒருநாள் தண்ணீருக்காக எழப்போய் விழுந்துவிட்டான். கீழே சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு அது தெரியவே இல்லை.

அன்று மாலையே அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு கடைய மூடு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை காரோட வர்றேன், அவன நோயாளிங்களப் பாத்துக்குற ஒரு இல்லத்துல சேர்த்துடலாம்."

கடையை மூடினால் அடுப்பு எரியாது. அண்ணனை அனுப்பினால் அண்ணி உயிரோடு இருந்தும் பயனில்லை. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பெட்டியை வெளியே இழுத்தார்.

பழைய மின்சாரத் தையல் மெஷினின் பெடலை அண்ணனின் இடது காலடியில் வைத்தோம். என்றோ கழற்றிய தொலைபேசி ஒயரை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கி, முனையில் ஒரு காலிங் பெல்லை மாட்டினேன். அண்ணி தைக்க உட்கார்ந்தார். அண்ணன் மிதி மிதி என்று மிதித்தான். அவர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பெல் கெட்டுப்போச்சா தம்பி?"

"பெல் நல்லாத்தான் அடிக்குது அண்ணி. உங்க மெஷின் ஓடுறப்போ இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

அண்ணி மெஷினை நிறுத்தி ஊசியைப் பார்த்தார். பிறகு, "காது எங்க இருந்தா என்ன? கண்ணு ஊசியிலதான இருக்கு" என்றார்.

பெல்லைக் கழற்றினோம். புத்தகத்தில் செருகிப் படிக்கும் குட்டி விளக்கு ஒன்று பெட்டியில் இருந்தது. இன்னும் உயிர் இருந்த ஒரு சார்ஜரோடும் அந்த ஒயரோடும் அதைச் சேர்த்து ஊசிக்குப் பக்கத்தில் கட்டினேன். அண்ணி அதன்மேல் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைச் சுற்றினார். மேலே அண்ணன் மிதித்தான். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணி சிவந்தது. அண்ணி ஊசியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா காரோடு வந்தாள். விளக்கைக் காட்டினேன். "விளையாட்டுச் சாமான வச்சு நோயாளியப் பாக்கப் போறீங்களா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அண்ணி தலைகுனிந்து தைத்துக்கொண்டே இருந்தார்.

துணி சிவந்தது. அண்ணி மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னவாம் அவனுக்கு?" என்றாள் அக்கா.

"கார் வெயில்ல நிக்குதாம். உங்கள மட்டும் ஏறிக் கிளம்பச் சொல்றார் அக்கா."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் துணி மறுபடியும் சிவந்தது.