முழங்காலைக் காட்டும் பழக்கம்

குறிகட்டுவான் இறங்குதுறை, 2002. நயினாதீவுப் படகுக்காகக் கடற்படைச் சாவடியில் வரிசையாக நிற்கிறோம். எனக்கு முன்னால் நாரந்தனைக்காரர் ஒருவர், ஐம்பதை நெருங்கியிருப்பார். தன் முறை வருவதற்குள் அவராகவே குனிந்து நீளக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டுகிறார். இரண்டு முழங்கால்களிலும் பழைய தழும்புகள். யாரும் காட்டச் சொல்லவில்லை.

"ஏனண்ணை?" என்கிறேன்.

குரலைத் தாழ்த்துகிறார். "பழக்கம், தம்பி. மாலைதீவில சம்பளத்துக்கு உதைபந்து அடிச்சனான். எங்கடை பக்கத்தில இருந்து அப்பிடிப் போன முதல் ஆள் நான்தான். அங்கை மைதானமெல்லாம் மணல், விழுந்தா தோல் உரிஞ்சுபோகும். ஊருக்கு வந்தா இவங்கள் முழங்காலைத்தான் பாக்கிறாங்கள். தழும்பிருந்தா இயக்கத்தில பயிற்சி எடுத்த ஆளாம். பந்தடிச்சதெண்டா ஆர் நம்பினது? ரெண்டு தரம் பிடிச்சு வச்சிருந்தவங்கள்."

அவர் முறை வருகிறது. சிப்பாய் முழங்கால் பக்கம் திரும்பவே இல்லை. பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "போங்க, போங்க" என்கிறான். போர்நிறுத்தம் வந்ததிலிருந்து இப்படித்தான் என்கிறாள் பின்னால் நிற்கும் பெண்.

படகில் ஏறி உட்கார்ந்தும் அவர் சுருட்டியதை இறக்கவில்லை. முழங்கால்களில் கடற்காற்றுப் பட, காலை நீட்டிப் பெருமூச்சு விடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து, சற்றே மனத்தாங்கலோடு சொல்கிறார்:

"இண்டைக்குக் கேட்டிருந்தா, எந்தக் காலால கோல் அடிச்சனான் எண்டும் சொல்லியிருப்பன்."

"எந்தக் காலால, அண்ணை?"

நயினாதீவு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.