மருந்து அறையில் அடித்த வாடை

பளிச்சென்று பச்சையாக எரியும் பட்டாசு மருந்துக்காக ஐந்து வருடம் ஆய்வகத்தில் கிடந்தவன் நான். ஒருவழியாக நிறம் கைகூடியதும் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சோதனைக்குக் கலந்தோம். பேரியம் நைட்ரேட்டும் அலுமினியத் தூளும் சேரும் கலவையில் இங்கே கொஞ்சம் போரிக் அமிலம் போடுவது வழக்கம். ஒளி குறைகிறதென்று நான் அதை விட்டுவிட்டேன்.

அன்று காலையிலிருந்தே தூறல். மருந்து அடைத்துக்கொண்டிருந்த மாரியம்மாள் அக்கா முகம் சுளித்தார்.

“சார், மூத்திர வாடை அடிக்கு. தொட்டாச் சுடவும் செய்யுது.”

“ஆய்வகத்துல எத்தனையோ தடவை பாத்ததுக்கா. ஒண்ணும் ஆகாது.”

“உங்க ரூமுக்குள்ள மழை பேயுமா சார்? ஏட்டி, எந்திரிங்கடி எல்லாரும்!”

கூட இருந்த மூன்று பெண்களும் ஓடினார்கள். நான் மட்டும் கௌரவம் பார்த்து நின்றேன்.

“படிச்சவுகளுக்குத் தனியா வேற சொல்லணுமாக்கும்!” என்று என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார் அக்கா. வேலியோரம் வந்து நாங்கள் மூச்சு வாங்குவதற்குள் அறை வெடித்துக் கூரை பறந்தது.

அந்த வாடை அம்மோனியா. போரிக் அமிலம் போடாமல் ஈரம் பட்டால் இந்தக் கலவை சூடேறி அந்த வாயுவை விடும் என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். மூக்குக்கு நேரே வந்தபோது தெரியவில்லை.

விபத்து அறிக்கையில், “அம்மோனியா வாடையைக் கவனித்து அனைவரையும் வெளியேற்றினேன்” என்று எழுதினேன். பாராட்டினார்கள், பதவி உயர்வும் கொடுத்தார்கள். அந்தப் பொய்யைச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. கவனித்தது நானில்லை. மாரியம்மாள் அக்கா.